ஆளுக்கோர் அடுப்பு

லிலோங்வே
7 ஜூன் 1998

அன்புத் தங்கை எனெலெசிக்கு,

நாங்கள் நலமாக எழுந்தோம்; நீயும் விக்சனும் சித்தி எலினாவும் எப்படி எழுந்தீர்களோ? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உன் அண்ணி டோரிக்கா இருமிக்கொண்டே என்னைத் திட்டுகிறாள். இருமல் நின்றாலும் திட்டு நிற்காது என்பது உனக்கே தெரியும்.

ஒரு நல்ல செய்தி. ஆற்றுக்கு அக்கரையில், மிஷன் ஆஸ்பத்திரியை ஒட்டி, பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் தங்குவதற்கு ஒரு வீடு கட்டப்போகிறார்கள். மாதம் நெருங்கியதும் வந்து தங்கலாம். துணைக்கு வருகிறவள் சமைத்துப் போடுவாள். வலி எடுத்தால் பிரசவ அறைக்கு நடந்தே போய்விடலாம். வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. தலைவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ப் பக்கந்தானே லாமெக்? பிளானை நீயே போடு. தப்பாப் போச்சுன்னா உன் சொந்தக்காரங்களே உன்னை உதைக்கட்டும்" என்றார்.

உன் இரண்டு பிள்ளைகளும் அந்த ஆற்றைத் தாண்டாமலே போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளம் வடியட்டும் என்று கரையில் மாட்டுவண்டியை நிறுத்திக் காத்திருந்த கதையை மாப்பிள்ளை விக்சன்தான் எனக்குச் சொன்னான். தாய்மாமன் என்று பெயர்தான். அன்று என்னால் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியவில்லை. இப்போது கையில் பென்சில் இருக்கிறது. முதலில் போட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன். வீடு எப்படி இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றுவதை எழுது.

உங்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

உன் அண்ணன்
லாமெக்

---

ம்போண்டே கிராமம்
29 ஜூன் 1998

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலமாக எழுந்தோம். சித்திக்கு முழங்கால் வலி, ஆனால் சண்டை போட நடக்கும்போது மட்டும் வலிக்காது.

அண்ணனும் தங்கையும் இந்த விஷயங்களைப் பேசுவது நம் வழக்கமில்லை. நீங்கள் எதிரில் நின்றால் எனக்கு வாயே திறக்காது. கடிதம் என்பதால் எழுதுகிறேன். உங்கள் படத்தைச் சித்தியிடம் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "கோழிக்கூடு மாதிரி இருக்கு" என்றாள். நேராகத் திருப்பிக் கொடுத்தேன். "இப்பவும் கோழிக்கூடுதான், கொஞ்சம் பெருசு" என்றாள்.

முதலில் கதவு. வலி வந்தவள் தனியாக நடப்பதில்லை, அண்ணா. இந்தக் கைக்கு ஒருத்தி, அந்தக் கைக்கு ஒருத்தி. மூன்று பேரும் ஒன்றாக நுழையும் கதவு வேண்டும். உங்கள் கதவில் துணைக்கு வந்தவள் கையை விட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் கால் மடங்கும்.

அடுத்தது, பிரசவ அறைக்குப் போகும் பாதையை வாசலுக்கு நேரே போட்டிருக்கிறீர்கள். வாசலில் தக்காளி விற்கிறவள்வரை எல்லோரும் பார்ப்பார்கள். எவளுக்கு நேரம் வந்தது என்பதை ஊருக்கு அறிவிப்பவர் நம்மில் உண்டா? பாதை பின்பக்கமாகப் போகட்டும். சுவரை ஒட்டி ஒரு நீள மரக்கட்டையைக் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். வலி வரும்போது எதையாவது பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவள் தோள் போய்விடும்.

புகையிலை எல்லாம் கட்டி அனுப்பியாயிற்று. அண்ணியின் இருமலுக்கு எலுமிச்சையும் தேனும் கொடுங்கள்.

உங்கள் தங்கை
எனெலெசி

---

லிலோங்வே
18 ஜூலை 1998

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது நலமாக இருந்தோம். படித்து முடித்தபோது நான் மட்டும் கொஞ்சம் சுருங்கிப்போயிருந்தேன். கதவை அகலமாக்கிவிட்டேன். பாதை பின்னால் போய்விட்டது. மரக்கட்டையும் உண்டு. தலைவர் பார்த்துவிட்டு, "இந்த மூளை உனக்கு எங்கிருந்து வந்துச்சு?" என்றார். "வீட்டுல இருந்து தபால்ல வந்துச்சு சார்" என்றேன்.

இனி என் பெருமையைக் கேள். நடு முற்றத்தில் வட்டமாக ஒரு சமையற்கூடம், அதன் நடுவே ஒரே பெரிய அடுப்பு. துணைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் களி கிண்டுவார்கள், ஒரே குழம்பு வைப்பார்கள். தெரியாத ஊர்க்காரிகளும் சாயங்காலத்துக்குள் சொந்தமாகிவிடுவார்கள். பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைப் பார்த்துக் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன், என் படத்துக்கே.

கட்டில் வேண்டுமா, பாய் வேண்டுமா? இதற்கு மட்டும் பதில் எழுது. சித்தி படத்தை நேராகப் பிடிக்கட்டும்.

லாமெக்

---

ம்போண்டே
30 ஆகஸ்ட் 1998

அண்ணாவுக்கு,

நலமாக எழுந்தோம், அங்கும் அப்படியே இருக்கட்டும். பதில் தாமதமாகிவிட்டது. கொஞ்சம் களைப்பு, வேறொன்றுமில்லை. காலையில் காய்ந்த மீன் வாடை வந்தாலே விக்சனை அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிடச் சொல்கிறேன்.

கட்டிலும் பாயும் இரண்டும் வையுங்கள். முதுகு பிடித்தவளுக்குத் தரை, கால் வீங்கியவளுக்குக் கட்டில்.

எங்கள் ஊரில் ஒருத்தி கேட்கிறாள்: மழை இறங்குவதற்குள் வீடு முடிந்துவிடுமா? ஜனவரியில் ஆறு பெருகிவிட்டால் யாரும் தாண்ட முடியாது. அவளுக்குத் தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

இன்னொன்று. லிலோங்வே சந்தையில் வெள்ளை மண்கட்டி விற்பார்களே, தின்பதற்கு. இங்கே கிடைப்பதில் மணல் அதிகம். அண்ணியிடம் சொல்லி இரண்டு பொட்டலம் அனுப்ப முடியுமா? சித்திக்குத்தான்.

எனெலெசி

---

லிலோங்வே
12 செப்டம்பர் 1998

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் மிக நலமாக எழுந்தோம். உன் அண்ணி எழுந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறாள். மண்கட்டியை அவளே போய்ப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். "அறுபது வயசுல சித்திக்கு மண்ணு திங்க ஆசை வந்திருக்கு, கடவுளே உன் மகிமையே மகிமை" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை.

உங்கள் ஊரில் ஒருத்தி என்று எழுதியிருந்தாயே, அவளிடம் சொல்: சுவர் தோள் உயரம் வந்துவிட்டது. கூரைத் தகரம் வந்து இறங்கிவிட்டது. நவம்பரில் திறந்துவிடுவோம். அவள் தண்ணீர்க்குடம் சுமக்காமல் இருந்தால் நல்லது. வீட்டோடு வந்த மாப்பிள்ளை ஒருவன் அவளுக்கும் இருப்பான், அவன் சுமக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு முன்பே அவள் அக்கரை போய்விட வேண்டும். இதை அவளிடம் கட்டாயம் சொல்.

லாமெக்

---

லிலோங்வே
29 நவம்பர் 1998

எனெலெசிக்கு,

நலமா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கே பதில் இல்லை, இதிலும் கேட்கிறேன். எழுந்தாயா, நலமா?

திறப்பு விழாவுக்கு மேளம், ஆட்டம் எல்லாம் இருந்தது. கூட்டத்தில் உன்னைத் தேடிக் கண் பூத்துவிட்டது. விக்சன் மட்டும் வந்தான். "அவளுக்குத் தலைவலி மச்சான்" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நேற்று நர்ஸ் திருமதி சிபங்கா எழுதியிருக்கிறார். வந்த பெண்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். வீடு காலியாகக் கிடக்கிறது. என்ன காரணம் என்று பார்த்தால், உப்பு! முன்பு குழந்தையை இழந்து, இப்போது பிரசவத்துக்கு வந்திருந்த ஒருத்தி, துணைக்கு வந்த தன் சித்திக்கு உதவியாகப் பெரிய பானையில் உப்புப் போட்டுவிட்டாளாம். மற்றவர்கள் பானையோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். "உப்புக்குப் பயந்து பிள்ளையைப் பறிகொடுப்பீங்களா?" என்று நர்ஸ் கத்தியிருக்கிறார். நானும் அதையேதான் கேட்கிறேன். டாக்டரும் மருந்தும் பக்கத்தில் இருக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு யாரை என்ன செய்துவிடும்? இந்த மடத்தனத்துக்கா நான் ராவும் பகலும் உட்கார்ந்து கோடு போட்டேன்?

அந்த ஒருத்தி போனாளா இல்லையா? அதை மட்டுமாவது எழுது.

லாமெக்

எனெலெ, அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணன் கத்துவது பயத்தில். ராத்திரி தூங்குவதில்லை. அவருக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். பதில் போடு கண்ணு. டோரிக்கா.

---

ம்போண்டே
13 டிசம்பர் 1998

மரியாதைக்குரிய அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

எழுந்தோம். நலமா என்று கேட்டால் நலம்தான்.

உங்கள் கடிதத்தை வாங்கியதும் கோபத்தில் அடுப்பில் போடப் பார்த்தேன். சித்திதான் பிடுங்கி வைத்தாள். "போடாதேடி, அண்ணிக்காரி எழுதினது வீணாப் போயிடும்" என்றாள்.

உப்புப் போட்டவள் சிசாலெ. பானையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் திரும்பி நடந்தாள். நான் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அழவில்லை. "நான் நினைக்காமப் போட்டுட்டேன்க்கா. பழக்கதோசம், கை தானா போயிடுச்சு" என்றாள். அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் சின்ன வயதிலேயே விடுதிக்குப் படிக்கப் போய்விட்டீர்கள். ஆண்பிள்ளை வேறு. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் உப்புப் போட்ட குழம்பை இன்னொரு கர்ப்பிணி சாப்பிடக்கூடாது. சாப்பிட்டால் அவள் பிள்ளையும் போய்விடும் என்பார்கள். என் இரண்டாவதும் போனதிலிருந்து, எந்தக் கர்ப்பிணி வந்து சாப்பிடுவாளோ என்று, எங்கள் வீட்டுக் குழம்புக்கு உப்புப் போடுவது பக்கத்து வீட்டுச் சின்னப் பெண். இன்றைக்கும் அவள்தான்.

மற்றவர்கள் என்னை ஒதுக்குவார்கள் என்று பயந்து நான் போகாமல் இருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். ஒதுக்கினால் ஒதுக்கட்டும், எனக்கும் வாய் இருக்கிறது. நான் பயப்படுவது வேறு. அந்தப் பெரிய அடுப்பைச் சுற்றி எத்தனை வயிறுகள் உட்கார்ந்திருக்கும்? அதில் ஒன்று கெட்டுப்போனால், காரணம் காய்ச்சலாகவே இருக்கட்டும், டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், அந்தத் தாய் திரும்பி என் கையைத்தான் பார்ப்பாள். நானும் என் கையைத்தான் பார்ப்பேன். நான் பட்டதை இன்னொருத்தி பட நான் காரணமாக மாட்டேன். அதற்கு ஆற்றுக்கு இக்கரையிலேயே கிடப்பேன்.

ஜூலையிலேயே உங்கள் அடுப்பைப் படித்தேன். எழுத உட்கார்ந்தேன். அதைச் சொன்னால் என்னைச் சொன்னதாகிவிடும். கட்டிலைப் பற்றி எழுதிவிட்டு மூடிவிட்டேன்.

மழை தொடங்கிவிட்டது. ஆறு இன்னும் முழங்கால் அளவுதான்.

எனெலெசி

---

லிலோங்வே
18 டிசம்பர் 1998

என் தங்கைக்கு,

நீ எழுந்தாயா, நடந்தாயா, சாப்பிட்டாயா?

உன் கடிதத்தைத் தலைவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். காட்டவில்லை, சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பெரிய அடுப்பை இடிக்க வேண்டும் என்றேன். "கைதட்டி வாங்கின அடுப்புய்யா அது. மூடநம்பிக்கைக்கெல்லாம் பிளான் போட முடியுமா?" என்றார். "அகலக் கதவும் மரக்கட்டையும் ஒத்துக்கிட்டீங்களே சார், அதைச் சொன்ன ஆள்தான் இதையும் சொல்லுது. உள்ள போய்ப் படுக்கப்போறது நானும் நீங்களும் இல்லையே" என்றேன். பழைய பிளானைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். பிறகு, "விழாவுக்கு வந்தவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். லீவு எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

நாளை மறுநாள் லாரியில் கிளம்புகிறேன், இரண்டு கொத்தனார்களோடு. புது பிளான் இதுதான். ஒவ்வோர் அறைக்கும் பின்னால் ஒரு சின்ன அடுப்பு. மூன்று பக்கம் இடுப்பளவுச் சுவர், மேலே தகரம், சுவரில் ஒரு மாடம். அந்த மாடத்தில் அவளவள் உப்பு. பக்கத்து அடுப்புக்காரியோடு சுவருக்கு மேலே பேசலாம், பானை மட்டும் கலக்காது. பெரிய அடுப்பை இடித்த செங்கல்லிலேயே எல்லாம் முடிந்துவிடும். வட்டக் கூடத்தை விட்டுவிடுகிறேன். மழையில் துணி உலர்த்தலாம்.

மடத்தனம் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

விக்சனிடம் சொல்: கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு நாள்கூடப் பார்க்க வேண்டாம். ஆறு முழங்காலில் இருக்கும்போதே அந்த ஒருத்தி தாண்டிவிடட்டும்.

லாமெக்

---

காத்திருப்பு வீடு, அக்கரை
10 ஜனவரி 1999

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

விலாசத்தைப் பார்த்தீர்களா? இங்கே நலமாக எழுந்தோம். மழை தகரத்தில் அடிப்பதில் சித்தி பேசுவது யாருக்கும் கேட்பதில்லை. அவளுக்கு அதுதான் பெரிய குறை.

ஆற்றைத் தாண்டும்போது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. விக்சனும் அவன் தம்பியும் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். நடு ஆற்றில் அவன் தம்பி, "அண்ணி, கொஞ்சம் மூச்சைப் பிடிங்க, கனம் குறையும்" என்றான். எல்லோரும் சிரித்ததில் நாற்காலி ஆடிவிட்டது.

அடுப்புகள் நன்றாக இருக்கின்றன. அவசரத்தில் கட்டியதால் என் அடுப்பில் காற்று உள்ளே வீசிப் புகை கண்ணைப் பிடுங்குகிறது. பின்சுவரை ஒரு வரிசை உயர்த்தியிருக்கலாம். சித்தியே இரண்டு செங்கல்லை எடுத்து வைத்துவிட்டாள். உங்கள் பிளான் மாறிவிட்டது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

பக்கத்து அறையில் ஒரு பெண், முதல் பிரசவம், பெயர் லெசினா. முதல் நாள் சித்தியிடம் சுவருக்கு மேலே எட்டி, "இந்த அக்காவுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள். சித்தி சொல்லிவிட்டாள். கேட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் தன் அடுப்பருகே உட்கார்ந்து பூசணி இலை நறுக்கிக்கொண்டே, "வலிக்குமாக்கா? ரொம்பவா?" என்றாள். அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். வாய் ஓய்வதில்லை. நீங்கள் ஆசைப்பட்ட சொந்தம் வந்துவிட்டது, அண்ணா, நடுவில் ஒரு சுவர் இருந்ததால்.

சிசாலெ தானும் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள். வந்தவர்கள் யாரும் இதுவரை மூட்டை கட்டவில்லை.

எனெலெசி

---

லிலோங்வே
6 பிப்ரவரி 1999

எனெலெசிக்கு,

நாங்கள் எழுந்தோம். நீ எழுந்து நடமாடுகிறாய் என்ற செய்தி வந்தால் நாங்கள் முழுதாக எழுந்ததாக நினைப்போம்.

ஆற்றில் வெள்ளம், உங்கள் ஊருக்குப் போகும் வண்டியெல்லாம் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். முன்பெல்லாம் இந்தச் செய்தி கேட்டால் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இந்த முறை நல்லவேளை என்று கும்பிட்டேன். ஆஸ்பத்திரிப் பக்கம் லிலோங்வே சாலை திறந்துதான் இருக்கிறது. உன் அண்ணி, பிள்ளையை முதுகில் கட்டுகிற சித்தெஞ்சேத் துணி இரண்டு வாங்கி மடித்து வைத்திருக்கிறாள், யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி டிரைவர் லிலோங்வே வரும்போதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்வதாக நர்ஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார். டிரைவரைக் கண்டால் போதும், தலைவரே என்னை வெளியே தள்ளுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் வரைந்த எத்தனையோ கட்டடத்தில் யாரோ இருக்கிறார்கள். ஒன்றைக்கூட இப்படி நினைத்துக்கொண்டு படுத்ததில்லை.

லாமெக்

---

காத்திருப்பு வீடு, உள்ளேயிருந்து
17 பிப்ரவரி 1999, மதியம்

அண்ணா,

தபால் வேண்டாம், நர்ஸ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். டிரைவர் சொன்னதும் கிளம்பி நீங்கள் வந்து நிற்பது தெரியும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களாம், விக்சன் வெள்ளம் வடியாமல் ஊர்ப் பக்கக் கரையில் தவிக்கிறானாம். வருகிற ஆண்கள் உட்கார ஒரு நிழலைக்கூட வரையவில்லையே நீங்கள்! அடுத்த பிளானில் போடுங்கள்.

எங்கள் ஊரில் ஒருத்தி என்று இனி எழுத மாட்டேன். எனக்குத்தான் அண்ணா. காலையில் பிறந்தாள். பெண். மூன்று பேராகவே கதவில் நுழைந்தோம்: ஒரு பக்கம் சித்தி, ஒரு பக்கம் லெசினாவின் அம்மா. யாரும் யார் கையையும் விடவில்லை. மரக்கட்டையை நான் பிடித்த பிடியில் ஓர் ஆணி ஆடுகிறது, தச்சரிடம் சொல்லுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். தொப்புள்கொடி விழும்வரை நீங்கள் உள்ளே வந்து பார்க்கக்கூடாது, அதை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ஆனால் இதைப் படித்து முடிக்கும்போது அவளைத் தூக்கிக்கொண்டு பின்சுவருக்கு இந்தப் பக்கம் வந்திருப்பேன். பசிக்கட்டும் என்று பால் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். சித்தி என்னைக் கொலைகாரி என்று திட்டுகிறாள்.

முதல் இரண்டும் அழவேயில்லை, அண்ணா. விக்சனிடம்கூட இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. வண்டியில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன், ஒரு சத்தமும் இல்லை.

குடையை மடக்குங்கள். சுவரை ஒட்டி நில்லுங்கள். கேட்கிறதா?